துளையோரத்து நயம்

சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டி நோக்கிப் போகும் நான்குவழிச் சாலையில் காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி வந்துவிட்டால், பின்னால் வருகிற வண்டிகள் முந்த வழியில்லாமல் மெதுவாக ஊரும். எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசி வழியாகப் பட்டாசுப் பண்டல் ஏற்றி வந்த லாரிக்காரர்கள்கூட ஓரங்கட்டி இறங்கி நின்று பார்ப்பார்கள். எல்லாருடைய கண்ணும், செல்போன் காமிராவும், இறக்கையின் நுனியைத்தான் தேடும். ஐம்பது மீட்டர் நீளம், அதன் மெலிவு, அந்த வளைவு என்று நுனியை ரசிக்க ஆள் நிறைய. நான் சிபாரிசு செய்வது மறுமுனையை, லாரி எஞ்சினை ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தை. ஆள் உயரத்துக்கு மேல் விட்டமுள்ள வட்ட வாய், கைமுஷ்டி அகலத்துக்குத் தடித்த ஃபைபர் சுவர், அந்தச் சுவரின் தடிப்புக்குள்ளிருந்து வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு போல்ட்கள். பெரிய இறக்கையில் அறுபது எழுபதுகூட இருக்கும்.

இறக்கை பத்துப் பதினைந்து டன் எடை. அதில் படும் காற்றின் தள்ளல் அத்தனையும், அதன் சொந்த எடையும், இந்த ஒரு போல்ட் வட்டத்தின் வழியாகத்தான் எந்திரத்துக்குள் போயாக வேண்டும். மாற்றுவழி கிடையாது. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை வந்தபோது எந்திரம் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். அந்த அளவுக்கு இறக்கை ஏழெட்டு மீட்டர் இருந்தால் போதும். இன்று நீளம் ஏழு மடங்கு. காற்று படும் பரப்பு நீளத்தின் வர்க்கமாகக் கூடுகிறது, நெம்பும் தூரமும் சேர்ந்து கூடுகிறது. ஆகவே அதே காற்றில் அடிமுனையை வளைக்கும் வலு கிட்டத்தட்ட 340 மடங்கு. போல்ட் வட்டத்தின் விட்டம் அப்படியொன்றும் 340 மடங்கு ஆகிவிடவில்லை.

இதில் என்ன நயம் என்று கேட்கலாம். இரும்பில் ஓட்டை போட்டு போல்ட் மாட்டுவது மாட்டுவண்டிப் பட்டறையிலேயே நடக்கிற வேலைதானே? நடக்கிறதுதான். இரும்பு மன்னிக்கிற உலோகம். அகலமான தகட்டில் வட்டத்துளை போட்டு இழுத்தால், துளையோரத்தில் அழுத்தம் மூன்று மடங்காக ஏறும். ஆனால் அந்த ஓரம் தாங்கும் எல்லையைத் தொட்டதும் இரும்பு கொஞ்சம் இளகிக்கொடுத்து, பாரத்தைப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். பட்டறைக்காரரின் கணக்குப் பிசகை இரும்பே சரிசெய்துவிடுகிறது.

இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளுக்கு இந்தக் குணம் கிடையாது. அது உடையும்வரை விறைப்பாகவே நிற்கும். இழைகளை எல்லாம் ஒரே திசையில் படுக்கவைத்த கார்பன் பலகையில் துளை போட்டு அத்திசையில் இழுத்தால், ஓரத்தில் அழுத்தம் மூன்று மடங்கு அல்ல, ஏழு மடங்கை ஒட்டிப் போகும். அதே இழைகளை இரண்டு பக்கமும் 45 பாகை சாய்த்து அடுக்கினால் அது இரண்டு மடங்காக இறங்கிவிடும், கூடவே மொத்த வலுவும் இறங்கிவிடும். மூட்டு வடிவமைக்கிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் பேரம் பேசுகிறார். துளையில்லாத இடத்தில் நேர்இழை நிறைய. துளை வரும் இடத்தில் சாய்விழையும் குறுக்கிழையும் கூட்டி, எந்தத் திசையிலும் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது. பலகையை வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒரே கறுப்பு. உள்ளே அடுக்கு மாறியிருப்பது வரைபடம் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

இழையை அறுக்காமல் துளை போட முடியுமா என்ற கேள்விக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பச்சைச் சணல் சுற்றிய அணுகுண்டு வெடியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே காகிதக் கூடு, மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சணல், அதன்மேல் பசை. இழை, பிசின், திசை மாற்றி மாற்றிச் சுற்றல் என்று பாடப்புத்தகம் சொல்லும் மூன்றும் அதில் உண்டு. சணல் இறுக்கம் குறைந்தால் சத்தம் குறையும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமில்லை. திரி செருகுவதற்கு அதில் ஊசி குத்தும்போது சணல் அறுவதைவிட ஒதுங்கிக்கொள்வதே அதிகம். துளையைச் சுற்றி இழை வளைந்து போய் மறுபடி தன் வழியில் சேர்ந்துகொள்கிறது. நெய்த கண்ணாடித் துணியில் பிசின் இறுகுமுன் கூர்க்கம்பியால் துளை விலக்கி வார்த்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு; பிறகு டிரில் போட்டதைவிட வலு கூடுதலாக நிற்கும் என்பதே அவற்றின் அடிப்படை. எங்களுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தின் கூட்டுப்பொருள் ஆய்வு மையம் தென்னை மரத்துப் பன்னாடையை பாலியெஸ்டர் பிசினில் பதித்துப் பலகை செய்து சோதித்திருக்கிறது. தறியே இல்லாமல் மரம் தானாக நெய்துகொள்ளும் துணி அது. கள் வடிகட்டத்தான் ஆகும் என்று நாம் முடிவுகட்டி வைத்திருந்தோம்.

இழையை அறுக்காத மூட்டைக் காற்றாலையில் உச்சிக்குக் கொண்டுபோனவர் உல்ரிச் ஹ்யூட்டர் என்ற ஜெர்மன் பேராசிரியர். 1957-இல் அவர் நிறுத்திய எந்திரத்துக்கு இரண்டே இறக்கை, விட்டம் 34 மீட்டர், திறன் 100 கிலோவாட், இறக்கை கண்ணாடி இழை. அடிமுனையில் அவர் செய்த வேலையைப் பாருங்கள்: இறக்கை நெடுக வரும் இழைக்கற்றை ஒவ்வொன்றும் போல்ட் போகும் உலோகக் குழலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே இறக்கைக்குள் திரும்பிப் போகிறது. ஓர் இழையும் அறுபடவில்லை. போல்ட் இழுத்தால் இழை இழுபடும், அவ்வளவுதான். டென்மார்க்கில் ட்விண்ட் பள்ளிக்காரர்கள் தொண்டர்களைச் சேர்த்துக் கட்டி 1978-இல் ஓடவிட்ட 54 மீட்டர் விட்டக் காற்றாலையும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட அழகான மூட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கையில் எடுத்துச் செய்தால்தான் குறை தெரியும். குழலை ஒட்டி வளைகிற உள்இழை பாரத்தை அதிகமாக வாங்கும், வெளிவளைவு இழை சும்மா கிடக்கும். கற்றைகளுக்கு இடையில் வெறும் பிசின் தேங்கும் முக்குகள் மிஞ்சும். அத்தனை சுற்றையும் மனிதக் கை வேறு போட வேண்டும். தொழிற்சாலைகள் பெருகியபோது இந்த அழகை ஓரமாக வைத்துவிட்டன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு; தொழிற்சாலைக்காரர்களைக் குறை சொல்லவும் மனமில்லை.

அவர்கள் அடுத்துத் தேர்ந்ததோ நேரெதிர் வழி. இழையைக் கூசாமல் அறுப்பது. இறக்கையை முழுசாக வார்த்து, இறுகியபின் அடிமுகத்தை மட்டமாகக் கடைந்து, சுவரின் தடிப்புக்குள் நெடுக்காக ஒரு நீளத் துளை. அது முடியும் இடத்தில் வெளியிலிருந்து உள்ளுக்குக் குறுக்காக இன்னொரு பெரிய துளை. குறுக்குத்துளையில் உருளை வடிவ நட் ஒன்றை உட்காரவைத்து, நெடுக்குத்துளை வழியாக வரும் நீள போல்ட்டை அதில் முடுக்குவது. இரண்டும் சேர்ந்து ஆங்கில டீ எழுத்துப் போல் இருப்பதால் டீ-போல்ட் என்று பெயர். மரக்கட்டிலையும் அலமாரியையும் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோகும்படி இப்போது விற்கிறார்களே, அதில் இதே உத்திதான்.

இழையை அறுப்பதாக இருந்தால் அதற்கு விலை கொடுத்தாக வேண்டும். அடிமுனைச் சுவர் அவ்வளவு தடிப்பாக இருப்பது அந்த விலைதான். இரண்டு குறுக்குத்துளைகளுக்கு நடுவே மிஞ்சும் ஃபைபர்தான் பாரத்தை இறக்கைக்குள் கொண்டுபோக வேண்டும். அதை மெலியவிட முடியாது. ஆகவே ஒரு வட்டத்தில் இத்தனை போல்ட்டுக்கு மேல் செருகமுடியாது என்று ஓர் எல்லை வருகிறது. இதைத் தாண்ட விரும்பியவர்கள் மரை வெட்டிய எஃகுக் குழல்களை இழை அடுக்கும்போதே நடுவில் பதித்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பிசின் ஊட்டி இறுக்கிவிடுகிறார்கள். குறுக்குத்துளையே இல்லை, ஆகையால் போல்ட்களை நெருக்கிவைக்கலாம், அதே விட்டத்தில் இன்னும் நீளமான இறக்கையைத் தொங்கவிடலாம். ஆனால் அங்கே பாரம் முழுக்க ஒட்டுப் பரப்பை நம்பியிருக்கிறது. ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்க்க முடியாது. டீ-போல்ட்டில் பசை என்ற பேச்சே இல்லை. எது உயர்ந்தது என்று இரண்டு கட்சி இருக்கிறது. நான் டீ-போல்ட் கட்சி.

அந்த போல்ட்டின் தலையிலோ முனையிலோ 10.9 என்று ஓர் எண் பொறித்திருக்கும். ரகசியமில்லை. முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறுபடும் எல்லை, சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன். புள்ளிக்குப் பிந்தியது, அதில் பத்தில் ஒன்பது பங்குவரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. 30 மில்லிமீட்டர் போல்ட்டை அந்த எல்லையில் எழுபது சதவீதம்வரை ஹைட்ராலிக் கருவியால் இழுத்து முடுக்கினால், அந்த ஒற்றை போல்ட்டுக்குள் ஏறக்குறைய 36 டன் இழுவிசை இருக்கும். இறக்கை இன்னும் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை, காற்றும் வரவில்லை. அதற்குள் ஒவ்வொரு போல்ட்டும் முழு இறக்கையின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் கேட்கும்போது வீண் வன்முறையாகத் தோன்றும். சுமக்கப்போகிறவனை முன்கூட்டியே எதற்கு இப்படி வருத்துவது? காரணம் சுழற்சியில் இருக்கிறது. இறக்கை ஒருமுறை சுற்றிவரும்போது, ஒரு பக்கம் படுத்திருக்கையில் தன் எடையால் ஒரு ஓரத்துப் போல்ட்களை இழுக்கிறது, மறுபக்கம் வந்ததும் எதிர் ஓரத்தை. நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று என்று வைத்தால், இருபது ஆண்டில் பத்துக் கோடியை ஒட்டி. உலோகத்தைக் கொல்வது பாரத்தின் அளவைவிட இந்த ஏற்ற இறக்கம். முன்கூட்டி முடுக்கிய போல்ட் இறக்கையின் அடிமுகத்தை, இறக்கைகள் மாட்டியிருக்கும் நடுச் சக்கரத்தோடு நசுக்கிப் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து இழுப்பு வரும்போது அதன் பெரும்பங்கு அந்த நசுக்கலைத் தளர்த்துவதில் கழிந்துவிடும். போல்ட்டுக்குப் போய்ச் சேருவது சிறு மிச்சம். 36 டன் இழுவிசை சற்றே ஏறி இறங்குகிறது. பத்துக் கோடி முறை என்றாலும் போல்ட்டுக்கு அது பெரிய சங்கதி இல்லை.

இதற்குள் இன்னொரு நுட்பம். ஃபைபர் எஃகைவிட வளையும் பொருள். நசுக்கிப் பிடித்தாலும் போல்ட்டுக்குப் போகிற மிச்சம் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிடும். அதனால் போல்ட்டையே வளைந்துகொடுக்கிறதாக மாற்றுகிறார்கள்: நீளத்தைக் கூட்டுவது, நடுத்தண்டை மரையின் அடிவிட்டத்துக்கும் கீழே கடைந்து மெலியவைப்பது. வலு வேண்டிய போல்ட்டை வேண்டுமென்றே இளைக்கவைப்பதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் மெலிந்த நீள போல்ட் காற்றின் ஏற்ற இறக்கத்தைக் குறைவாக வாங்குகிறது. பிசின் நாளடைவில் நெகிழ்ந்து அடிமுகம் ஒரு மயிரிழை அமுங்கினாலும் தன் இறுக்கத்தை அவ்வளவாக இழப்பதில்லை. அப்படியும் இழக்கிறதா என்று பார்க்கத்தான் எந்திரம் ஓட ஆரம்பித்துச் சில நூறு மணி நேரம் கழித்து ஆட்கள் மேலேறிப் போய் மறுபடி முடுக்கிப் பார்க்கிறார்கள். கயத்தாற்றில் வைகாசி, ஆனிக் காற்றில் எண்பது தொண்ணூறு மீட்டர் உயரத்தில் அந்த வேலை. அவர்களைப் பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்.

காற்றாலையை விட்டு விமானத்துக்கு வந்தால் தடிப்பு குறைகிறது, நயம் கூடுகிறது. தேஜஸ் போர்விமானத்தின் உடற்கட்டில் எடைக்கணக்கில் 45 சதவீதம் கூட்டுப்பொருள். அதன் இறக்கையை இப்போது கோயம்புத்தூரில் எல் அண்டு டி செய்கிறது, மார்க்-1ஏ ரகத்துக்கான முதல் ஜோடி 2025 ஜூலையில் கைமாறியது. இறக்கைத் தோல் கார்பன். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் சின்ன பேட்டரி உண்டாகி அலுமினியம் அரித்துப் போகும். ஆகவே கார்பன் கட்டமைப்பில் இணைப்பாணிக்கு டைட்டானியம். அலுமினியச் சட்டத்தோடு சேருமிடத்தில் நடுவே மெல்லிய கண்ணாடி இழை அடுக்கு. காற்றாலை இறக்கையின் அடிமுனைக்கு இந்தக் கவலை இல்லை. கண்ணாடி மின்சாரம் கடத்தாது, சாதாரண எஃகே போதும்.

துளை போடுவதே தனிக் கலை. டிரில் முனை பலகையின் கடைசி அடுக்கைத் துளைத்து வெளியே வரும்போது வெட்டுவதற்குப் பதில் தள்ளிவிட்டால், அந்த அடுக்கு பிரிந்து தொங்கும். அதனால் பின்னால் முட்டுப்பலகை, கார்பைடு முனை, வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. ஆணித்தலை தோலோடு மட்டமாக உட்காரக் குழி வெட்டும்போது, குழி பலகைத் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக்கூடாது; தாண்டினால் அடியில் மிஞ்சும் துளை கத்தி விளிம்பாகிவிடும். உலோகத்தில் ஆணியைத் துளைக்குள் இறுக்கியடித்து மாட்டுவது நல்ல பழக்கம். கார்பனில் அதே பழக்கம் துளையோரத்து அடுக்குகளை முதல் நாளிலேயே உரித்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். போல்ட் மாட்டிய இழைப்பலகையை இழுத்துக்கொண்டே போனால் அது நான்கு விதமாகத் தோற்கலாம். துளைக்கு இரு பக்கமும் அகலம் போதவில்லை என்றால் குறுக்கே அறும். விளிம்பு கிட்டத்தில் இருந்தால் துளைக்கு முன்னால் இருக்கும் பகுதி அப்படியே பிய்ந்துகொண்டு வெளியே வரும். குறுக்கிழை போதாவிட்டால் நெடுக விறகாகப் பிளக்கும். இந்த மூன்றும் முன்னறிவிப்பில்லாமல், சட்டென்று நடப்பவை. நான்காவது, துளையின் ஓரம் நசுங்குவது. போல்ட் அழுத்தும் பக்கம் இழைகள் மடங்கித் துளை மெல்ல மெல்ல நீள்வட்டமாகும். பாரம் குறையாது, மூட்டு கழன்றுவிடாது, கடகடவென்ற ஆட்டம் மட்டும் கேட்கும். சோதனைச்சாலையில் துளை விட்டத்தில் 2 சதவீதம் நீண்டதும் அதுதான் எல்லை என்று குறித்துக்கொள்கிறார்கள். நல்ல வடிவமைப்பாளர் மற்ற மூன்று வழிகளையும் முன்கூட்டி அடைத்து, தோற்பதாக இருந்தால் இந்த நான்காவது வழியாக மட்டுமே தோற்கும்படி மூட்டை அமைக்கிறார். உலோகத்தில் துளை மையத்திலிருந்து விளிம்புக்கு விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு போதும். இங்கே மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் ஒரு மடங்கு பார்வைக்கு வீண் இடம்.

நசுங்கும் இழைகள் பக்கவாட்டில் விளக்குமாறாக விரியப் பார்க்கும். அதைத் தடுப்பது போல்ட்டின் இறுக்கமும் வாஷரும். விரலால் முடுக்கிய மூட்டைவிட, வாஷர் போட்டு முறையாக முடுக்கிய அதே மூட்டு நசுங்கும் எல்லையில் வெகுதூரம் முன்னே போகும். நட்டுக் கடையில் சில்லறைக் கணக்கில் அள்ளிப் போடும் வட்டத் தகட்டுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது.

மூட்டு வலுவில்லை என்றால் இன்னும் இரண்டு வரிசை போல்ட் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். மெக்டானல் டக்ளஸில் இருந்த ஹார்ட்-ஸ்மித் இந்த ஆசையைக் கணக்குப் போட்டே கலைத்தார். இளகாத பொருளில் முதல் வரிசையும் கடைசி வரிசையும் பாரத்தை வாங்கிக்கொள்ளும், நடு வரிசைகள் பெயருக்கு நிற்கும். ஒற்றை வரிசை மூட்டு துளையில்லாப் பலகையின் வலுவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. எத்தனை வரிசை சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. பலகையின் தடிப்பைப் படிப்படியாக மாற்றி, கடைசி வரிசைக்கு வேலையைக் குறைத்தால்தான் கொஞ்சம் பலன்.

வரிசை வரிசையாக போல்ட் போடாமல், துளையிட்ட காதில் ஒற்றைக் கனத்த ஊசியைச் செருகிப் பூட்டும் ஊசி மூட்டும் உண்டு. அதற்கு ஒரு துயரமான சான்று இருக்கிறது. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் விழுந்த ஏர்பஸ் ஏ300 விமானத்தின் செங்குத்து வால், கார்பன் காதுகள் ஆறில் கனத்த ஊசிகள் செருகி உடலோடு பூட்டப்பட்டிருந்தது. அந்தக் காதுகள் அறுந்துதான் வால் பிரிந்தது. 265 பேர் இறந்தார்கள். கூட்டுப்பொருளை நம்பக்கூடாது என்று அப்போது பலர் சொன்னார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு: சுக்கானை மாறிமாறி மிதித்ததில் எழுந்த விசை, காது தாங்கியாக வேண்டிய உச்ச எல்லையைத் தாண்டிய பிறகே அது அறுந்தது. கேட்டதைவிடக் கூடுதலாகத்தான் அது தாங்கியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2024-இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை அறிவித்திருக்கிறது. முப்பது வருஷம் ஓடிய சின்ன எந்திரங்கள் இனி வரிசையாக இறங்கும். கழற்றிய இறக்கையின் ஃபைபரை வாங்க ஆளில்லை, 10.9 போல்ட்டைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்வார். பதித்த குழல்களை ஃபைபரோடு அறுத்துத்தான் எடுக்க முடியும். டீ-போல்ட் மூட்டு என்றால் முடுக்கியதைத் திருப்பிவிட்டால் போதும், நட் கையோடு வந்துவிடும், குறுக்குத்துளை அப்படியே நிற்கும். கோடிக்கணக்கான சுற்றுக்குப் பிறகு அந்தத் துளை வட்டமாகவே இருக்கிறதா, எந்தப் பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று இறக்கையை அறுத்துக் குப்பைக்கு அனுப்புமுன் ஒரு காலிப்பர் வைத்து அளந்து குறித்துக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுச் சோதனையை எந்த ஆய்வகமும் நடத்தப்போவதில்லை. கிருஷ்ணன்கோவில் மாணவர்கள் யாராவது கயத்தாறுக்கு ஒரு நடை போய்வந்தால் தேவலை.